ஊசி போட்ட இடத்தில் எதற்குக் கரண்ட்?

ராயபுரம் ரீவைண்டிங்:
மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். தங்கை மகன் பயோடெக் படிக்கிறான். டிஎன்ஏ தடுப்பூசியைத் தசையில் போட்டுவிட்டு அதே இடத்தில் கரண்ட் கொடுப்பார்கள் என்று நேற்று ராத்திரி சொன்னான். தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள் என் வீட்டுக்காரி. போன மாதம் ஃபேன் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணாமல் தொட்டு, முழங்கை வரை சுரீரென்று ஏறியது எனக்கு. அதைப் போய் வைத்தியம் என்கிறானே! மருந்துதான் உள்ளே போய்விட்டதே, அப்புறம் கரண்டுக்கு என்ன வேலை? கொரோனாவுக்கு வந்த ஜைடஸ் ஊசியும் டிஎன்ஏதானே, அதற்கும் கொடுத்தார்களா?

தரமணி லேப்காரி:
அண்ணா, மருந்து தசைக்குள் போய்விட்டது, சரி. செல்லுக்குள் போகவில்லையே! டிஎன்ஏ செல்லின் உட்கரு வரை போய்ச் சேர்ந்தால்தான் வேலை: அதிலுள்ள குறிப்பைப் படித்துச் செல்லே கிருமியின் புரதத்தைச் செய்யும், அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும். ஆனால் அது பெரிய மூலக்கூறு, நெகட்டிவ் சார்ஜ் வேறு. செல்லைச் சுற்றியிருப்பதோ கொழுப்புச் சவ்வு. வெளியே தங்குவதை நொதிகள் தின்றுவிடும். வெறும் டிஎன்ஏவை எலித் தசையில் போட்டாலே புரதம் உருவாகிறது என்று 1990-இல் காட்டினார்கள். மனிதர்களிடம் அவ்வளவு எடுபடவில்லை.

மின்துடிப்பு கொடுத்தால் சவ்வில் கொஞ்ச நேரம் துளை விழும், டிஎன்ஏ பாசிட்டிவ் முனைப் பக்கம் இழுபடும், பிறகு துளை மூடிக்கொள்ளும். சோதனைகளில் பயன்பட்ட ஒரு கருவியில் அரை ஆம்பியர், 52 மில்லிசெகண்ட், மூன்று துடிப்பு. அரை ஆம்பியரா என்று பதறாதீர்கள். தசையில் பக்கத்துப் பக்கத்தில் குத்திய ஊசிகளுக்கு நடுவில்தான் அது ஓடும், நெஞ்சுப் பக்கம் போகாது.

பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவை ஏற்ற நான் தினமும் இதைத்தான் செய்கிறேன்: மின்முனைகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, 1,800 வோல்ட். டிஎன்ஏ கரைசலில் உப்பு மிச்சம் இருந்தால் ‘பட்’டென்று பொறி தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் இரண்டு நாள் உழைப்பு போச்சு என்று அர்த்தம். போன வாரம்கூட ஒருமுறை கேட்டேன்.

மாதவரம் மாட்டு டாக்டர்:
ஜைடஸுக்குக் கரண்ட் கிடையாது. 2021 ஆகஸ்டில் அனுமதி வாங்கிய அந்தத் தடுப்பூசிக்கு ஊசியே இல்லை. மருந்தை மெல்லிய பீச்சாகத் தோலுக்குள் அடிக்கும் கருவி. 28 நாள் இடைவெளியில் மூன்று தவணை. அமெரிக்காவில் குதிரைகளின் வெஸ்ட் நைல் நோய்க்கு 2005-இலேயே அனுமதி பெற்ற டிஎன்ஏ தடுப்பூசியும் சாதாரண ஊசிதான். கரண்ட் கொடுத்தால் பலன் கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் மின்முனை மாற்றி, சார்ஜ் பார்த்து, ஊர் ஊராக யார் தூக்கிக்கொண்டு போவது? வெறும் ஊசிக்கே என்னை உதைக்கிற மாடுகள் இருக்கின்றன.

ராயபுரம் ரீவைண்டிங்:
ஓ, ஸ்பாட் வெல்டிங் மாதிரி! இரண்டு முனைக்கு நடுவில் மட்டும், கண் மூடித் திறப்பதற்குள். ஆனால் அங்கே தகடே உருகிவிடுமே லேப்காரி, இங்கே சதை வேகாதா?

தரமணி லேப்காரி:
துடிப்பு நீண்டால் சூடாகும், செல்லும் சாகும். அதனால்தான் மில்லிசெகண்டில் நிறுத்துகிறார்கள். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் தசை வெடுக்கென்று இழுக்கும். உங்கள் கப்பாசிட்டர் அளவுக்கு இருக்காது அண்ணா.