குரோம் ஹோம்பேஜ் மாத்தினாலும் பழையபடி வருது

கேள்வி:
விண்டோஸ் 11. குரோம் செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' போய் நியூ டேப் என்று வைத்தாலும், டாஸ்க்பார் ஐகானை அழுத்தினால் ஏதோ ஒரு தேடல் பக்கம்தான் திறக்கிறது. ரீசெட்டும் செய்தாயிற்று. ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் நேராகத் திறந்தால் ஒழுங்காக இருக்கிறது. ஏன்?

பதில் 1:
கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கோளாறு குரோமில் இல்லை, ஷார்ட்கட்டில். ரீசெட் செய்தாலும் அது எப்போதும் சரியாகிவிடாது. டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்து, வரும் பட்டியலில் 'கூகுள் குரோம்' மேல் மறுபடி ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். 'டார்கெட்' கட்டத்தில் குரோம்.எக்ஸ்இ-க்குப் பின்னால் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். 'ப்ரொஃபைல் டைரக்டரி' என்று இருப்பது குரோமே போட்டது, அதை விட்டுவிடுங்கள். டெஸ்க்டாப், ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களையும் பாருங்கள்.

கேட்டவர்:
முகவரி இருந்தது, எடுத்தாச்சு. பக்கம் வரவில்லை. ஆனால் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்கிறது. இது வீட்டுக் கம்ப்யூட்டர்!

பதில் 2:
அப்படியென்றால் பாலிசி (குரோமைக் கட்டுப்படுத்தும் நிர்வாக அமைப்பு) வழியாக எக்ஸ்டென்ஷன் (குரோமில் சேரும் துணை நிரல்) ஒன்றும் புகுந்திருக்கலாம். முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' (கட்டாயமாகப் போடப்படும் எக்ஸ்டென்ஷன் பட்டியல்) இருந்தால் அதுதான் ஆள்; 32 எழுத்து ஐடி தெரியும். இப்படி வந்த எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டனே இருக்காது.

வரிசை முக்கியம். முதலில் சமீபத்தில் போட்ட இலவச கன்வெர்ட்டர், டவுன்லோடர் வகையறாவை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் விண்டோஸ் கருவி) அதன் வேலை மிச்சமிருந்தால் அதையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் அது மறுபடி எழுதிவிடும். பிறகு ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, காப்புக்காக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அந்த ஃபோர்ஸ்லிஸ்ட் பதிவை அழியுங்கள். கரன்ட் யூசரிலும் இதே இடம். குரோமை மூடித் திறந்தால் எக்ஸ்டென்ஷன் தானாகப் போய்விடும். சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி போடும், பெயர் பார்த்து அழிக்கவும். ஆபீஸ் லேப்டாப் என்றால் கையே வைக்காதீர்கள்.

பதில் 3:
ஃபயர்ஃபாக்ஸில் இதே தொல்லை என்றால் ப்ரொஃபைல் ஃபோல்டரில் (உங்கள் செட்டிங்ஸ் சேமிக்கப்படும் இடம்) யூசர்.ஜேஎஸ் என்ற ஃபைல் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் உள்ளதுதான் செட்டிங்ஸின் மேல் ஏறும். நீங்களாக வைக்காத ஃபைல் என்றால் ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அழிக்கலாம்.