மறுமொழி: ‘டெரெய்ன்’ – களநிலம், நிலக்கூறு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேசைப் போர் ஆட்டத்தில் குன்று, சுவர் போன்றவற்றைக் குறிக்கும் ‘டெரெய்ன்’ (terrain) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிவருகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> ‘நிலப்பரப்பு’ என்றே இருக்கட்டுமே. எல்லோருக்கும் புரிகிற சொல்.

புரியும், ஆனால் வேலைக்கு ஆகாது. மேசையில் சிற்றுருவப் படைகளை நிறுத்திப் போர் ஆடுகிறவர், அட்டையில் ஒரு சுவரைச் செய்து முடித்துவிட்டு, “ஒரு நிலப்பரப்பு செய்தேன்” என்று சொல்ல மாட்டார். பரப்பு என்றால் விரிந்து கிடப்பது. நாம் பெயர் தேடுவதோ கையில் எடுத்து இடம் மாற்றி வைக்கும் பொருளுக்கு. இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய அரசருக்கு அளித்த போர் ஆட்ட மேசையில் நிலம் தனித்தனித் துண்டுகளாக இருந்தது. மாற்றி அடுக்கினால் வேறொரு போர்க்களம்.

> ‘களவுரு’: களம் + உரு. சுருக்கமாக இருக்கிறது.

பார்த்ததும் ‘களவு’ என்றுதான் கண் படிக்கிறது. வேண்டாம்.

ஆங்கிலச் சொல் ஒன்றே இரண்டு பொருளைச் சுமக்கிறது. நாமும் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு இழுபறி. அடுக்கி முடித்த மேசை முழுவதும் ‘களநிலம்’. அதன்மேல் வைக்கும் குன்று, வேலி, இடிந்த வீடு ஒவ்வொன்றும் ‘நிலக்கூறு’. “நான்கு நிலக்கூறுகள் முடிந்தன, களநிலம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்கவில்லை. பீப்பாய், பெட்டி போன்ற சில்லறைப் பொருள்களுக்கு ‘உதிரிக்கூறு’ போதும்.

சொற்களைக் கைவேலையோடு வைத்துப் பார்க்க நேற்று ஒரு குன்று செய்தேன். பொருள்களைப் பொதிந்து வந்த தெர்மோகோல் இரண்டு துண்டு; பெரியது கீழே, சிறியது மேலே. விளிம்பை இயற்கையான சரிவாகச் சீவினால் அழகுதான், ஆனால் 28 மி.மீ. உயரச் சிற்றுருவ வீரன் அதில் நிற்காமல் வழுக்கிவிடுவான். அதனால் படிப்படியாக விட்டேன். ஸ்பிரே பெயிண்டை நேரே அடிக்கக் கூடாது, அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துக் குழியாக்கிவிடும். வெள்ளைப் பசையில் அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து பூசிக் காயவிட்டேன். பிறகு நீர்த்த பசையைத் தடவிச் சலித்த மணலைத் தூவி, அதன்மேல் அடர்பழுப்பு. கடைசியாகத் தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேலோட்டமாக இழுத்தேன். மணலின் முகடுகள் மட்டும் வெளுத்தன. தெர்மோகோல் போய்ப் பாறை வந்துவிட்டது! ஆங்கிலத்தில் ‘டிரை பிரஷிங்’ எனப்படும் இந்த முறையை ‘உலர்பூச்சு’ என்பேன்; ‘உலர்தூரிகை’ என்றால் அது கருவியின் பெயராகிவிடும்.

> எதிரியிடமிருந்து வீரனைக் காக்கும் ‘கவர்’ (cover) என்பதற்கு ‘மறைப்பு’ சரிதானே?

பாதி சரி. புதர் எதிரியின் பார்வையை மறைக்கும், அவ்வளவுதான். கற்சுவர் அடியையும் தாங்கும். பல ஆட்டங்களின் விதிகள் இவ்விரண்டையும் வேறுவேறாகக் கணக்கிடுகின்றன. எனவே பார்வையை மட்டும் தடுப்பது ‘மறைப்பு’, அடியைத் தாங்குவது ‘அரண்’. 742ஆம் குறள் நீர், மண், மலை, காடு நான்கையும் அரணாகச் சொல்கிறது. நம் மேசையில் திரும்பத் திரும்ப வருபவையும் இந்த நான்கே. சொல் ஆயத்தமாக இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. குறளில் காடும் அரண். என் பிரிவின்படி அது மறைப்புக்குள் போய்விடுகிறது. காட்டை எதில் சேர்க்கலாம் என்று எழுதுங்கள்.

அன்புடன்