அம்மாவின் அந்தியேட்டிச் சாப்பாடு

குழு: கோண்டாவில் வீடு

நிரோஜா: மகனுக்குச் சேலைன் கழற்றிவிட்டார்கள். காலையில் பாண் கேட்டான். பின்னேரம் வீட்டுக்கு விடுவார்கள் போல இருக்கிறது

பத்மா: முருகா. வயிறு குளிர்ந்தது

சுபா: ஜீவனி உப்புக்கரைசல் கொடுக்கிறாயா

நிரோஜா: ஓம். கரண்டி கரண்டியாக

சிவம்: ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும் பிள்ளை. பாதிப் பைக்கற் ஒரு கோப்பை என்று கண்மட்டத்துக்குக் கரைக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். சோடா, நெக்டோ மாதிரி இனிப்புக் குடிவகை ஒன்றும் வேண்டாம்.

நிரோஜா: சரி மாமா

ராணி: அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தவர்களின் கண் நல்ல கண் இல்லை. அம்மாவின் எட்டாம் நாள் படையலுக்கு வந்து 9 பேர் ஒரே இரவில் சத்தி எடுப்பது என்றால் சும்மா இல்லை. பிள்ளை வந்ததும் செத்தல் மிளகாய் சுற்றிப் போடு நிரோ

செல்வன்: 11 பேர் மாமி. சுன்னாகத்தில் இருந்து வந்த இரண்டு பேரை விட்டுவிட்டீர்கள்

பத்மா: கணவாய்க் கறிதான். எனக்கு அப்போதே ஒரு மணம் வந்தது

செல்வன்: நான் கணவாய் இரண்டு தரம் போட்டேன் சின்ன மாமி, பிட்டோடு. ஒன்றும் இல்லை

சுபா: நானும் பிட்டுத்தான். எனக்கும் இல்லை

நிரோஜா: என்ர பிள்ளை கணவாயைத் தொடவே இல்லை. சோறும் பருப்பும் மட்டும்தான் ஊட்டினேன்

சிவம்: அதைத்தான் இரண்டு நாளாக நானும் கணக்குப் பார்க்கிறேன். வருத்தம் வந்த 11 பேரும் சோறு சாப்பிட்டவர்கள். பிட்டு மட்டும் சாப்பிட்ட ஆறு பேருக்கும் ஒன்றும் இல்லை. படையல் முடிந்து நாங்கள் இலையில் இருக்கும்போது இரவு எட்டரை, முதல் ஆள் சத்தி எடுத்தது பதினொன்றரைக்கு. மூன்று மணித்தியாலத்தில் காய்ச்சல் இல்லாமல் சத்தி வந்தால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகுவதற்கு நேரம் இல்லை, சாப்பாட்டிலேயே நஞ்சு ஊறி இருந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோற்றில் வருகிற பசிலஸ் சீரியஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் வித்து அரிசியிலேயே இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோற்றை ஆறப்போட்டு மூடி வைத்தால் திரும்ப முளைத்து நஞ்சை விடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. மணமும் மாறாது, நிறமும் மாறாது. சமைத்தவர்களின் கையில் புண் இருந்து வருகிற ஸ்டெபிலோகொக்கஸும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான், ஆனால் அப்படியென்றால் கறி சாப்பிட்டவர்களுக்கும் ஏதாவது வந்திருக்கும். சோறு எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சுபா: 12 மணிக்கு. நான்தான் இறக்கினேன்

செல்வன்: அலுமினியப் பெட்டியில், மூடியபடி. இறக்கும்போது இளஞ்சூடுதான்

சிவம்: எட்டரை மணித்தியாலம்.

கண்ணன் கனடா: நான் கோல் எடுக்கும் வரைக்கும் சோற்றை வைத்திருந்தீர்களா

ராணி: நீ பார்க்காமல் படைக்க முடியுமா தம்பி. கடைசிப் பிள்ளை

கண்ணன் கனடா: ஐயோ அக்கா

சிவம்: தம்பியை ஒருவரும் குறை சொல்லவில்லை. முப்பது வருடம் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை பார்த்த நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத்தான் இருந்தேன். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சாப்பாட்டை வைக்காதே என்று எத்தனை கடையில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பத்மா: அண்ணை, அழ வைக்காதேங்கோ

ராணி: அது கிடக்கட்டும். இன்று காலையில் பி.எச்.ஐ. ஒருவர் வந்து படலையில் நின்றார். முன்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்க்கினம். யார் அறிவித்தது சிவம்? உனக்குச் சொந்தம் என்று பார்க்கிற பழக்கம் முந்தியும் இல்லை. மச்சானின் தேத்தண்ணிக் கடைக்கு நீ வழக்குப் போட்டதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை

செல்வன்: மாமி, அது நான் பிறக்க முதல்

ராணி: மறக்கவில்லை என்றுதான் சொன்னேன்

சிவம்: நான் அறிவிக்கவில்லை அக்கா. பிள்ளையை வார்ட்டில் போட்டவுடன் அவர்கள் எச் 544 படிவம் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். நெருப்புக்காய்ச்சல் (தைபோயிட்), வயிற்றுளைவு, செங்கமாரி மாதிரி உணவு நஞ்சாதலும் சட்டப்படி அறிவிக்கிற வருத்தம். அந்தப் பி.எச்.ஐ. பிள்ளை எங்களைப் பிடிக்க வரவில்லை. அதே சமையல்காரர் நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு 200 பேருக்குச் சோறு கொண்டுபோகலாம், அங்கேயும் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கும். வெட்கத்தில் ஒருவரும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கில் வருடத்துக்கு 600 மில்லியன் பேருக்குச் சாப்பாட்டால் வருத்தம் வருகிறது, 420,000 பேர் சாகிறார்கள், அதில் 125,000 பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இதெல்லாம் சத்தியும் வயிற்றோட்டமும்தானே என்று விடுகிற வருத்தங்கள்.

நிரோஜா: அன்று இரவு ஓட்டோவில் போகும்போது அவனுடைய கண் உள்ளே போய்விட்டது மாமா. நாக்கு காய்ந்து கூப்பிட்டாலும் பார்க்கவில்லை. அது எனக்கு மறக்காது

சுபா: 🙏

ராணி: சரி. நாளைக்கு அந்தப் பி.எச்.ஐ. பிள்ளை வந்தால் தேத்தண்ணி கொடுத்துக் கதைக்கிறேன்

பத்மா: மிஞ்சின சோறு இருக்கிறதா என்று கேட்டால்?

ராணி: குப்பைக் கிடங்கில் போட்டாயிற்று

சிவம்: கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் பரிசோதித்திருக்கலாம். பரவாயில்லை. யார் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று செல்வன் எழுதிக் கொடுக்கட்டும்.

செல்வன்: எழுதிவிட்டேன் அப்பா

கண்ணன் கனடா: 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் அந்தச் சமையல்காரரிடம்தான் 50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். 150 பேர். என்ன செய்வது

பத்மா: திருப்பிக் கேள்

கண்ணன் கனடா: தரமாட்டார்

சுபா: வீட்டிலேயே சமைப்போம். மரக்கறிதானே

ராணி: 150 பேருக்குச் சோறு வடிக்க எந்தக் கிடாரம்?

சுபா: அம்மம்மாவின் பித்தளைக் கிடாரம்

ராணி: அது 95 இடப்பெயர்வுக்குப் பிறகு யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்

பத்மா: அக்கா, அதை நாங்கள் லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிச் சாவகச்சேரி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தோம். அம்மாதான் உன்னிடம் இருக்கட்டும் என்றா

ராணி: நான் ஒன்றும் கேட்கவில்லையே

பத்மா: கேட்டீர்கள்

கண்ணன் கனடா: இரண்டு பேரும் பொறுங்கோ. அண்ணை, வீட்டில் சமைத்தால் சரியா

சிவம்: எங்கே சமைக்கிறோம் என்பதை விட, அடுப்பில் இருந்து இலைக்கு வர எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம் தம்பி. கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டுக்கு வர பதினொன்றரை ஆகும், துடக்குக் கழிவு முடிய பன்னிரண்டரை. சோற்றை இரண்டு தரமாக வடிப்போம், ஒன்று பன்னிரண்டுக்கு, மற்றது முதல் பந்தி இருக்கும்போது. தேங்காய்ப்பால் விட்ட கறிகளைக் கடைசியாக இறக்க வேண்டும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பந்தி முடிய வேண்டும். பின்னேரம் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் போதும், பார்சல் கட்டி வைக்க வேண்டாம். கிடாரத்தில் வெள்ளீயம் தேய்ந்திருந்தால் பூச வேண்டும், இல்லாவிட்டால் அதில் புளி விட்ட கறி காய்ச்சக் கூடாது, செம்பு கரைந்து அதுவும் சத்தி வரும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. நெருப்புக்காய்ச்சல் வந்தால் ஒன்று, இரண்டு, மூன்று கிழமைக்குப் பிறகுதான் தெரியும், அப்போது யாரும் அந்தியேட்டித் தண்ணீரை நினைக்க மாட்டார்கள்.

செல்வன்: அப்பா மூச்சு விடுங்கள்

நிரோஜா: இல்லை, மாமா எழுதட்டும்

சுபா: சின்னம்மா வீட்டுக் கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம்

நிரோஜா: சுபா, அது உங்கள் வீடுதானே 😄

சுபா: பெரியம்மா வீட்டைச் சொன்னேன். நித்திரை இல்லை

ராணி: எங்கள் கிணறு அப்பா வெட்டினது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்க வேண்டாம்

சிவம்: அக்கா, 21 நாள் இருக்கிறது. நான் வந்து குளோரின் போடுகிறேன்.

ராணி: வந்து பார். பிறகு சொல்கிறேன்

கண்ணன் கனடா: அந்தியேட்டிக்கு நான் கோல் எடுக்க மாட்டேன். நீங்கள் படைத்துவிட்டுச் சாப்பிடுங்கோ, நான் வீடியோவைப் பிறகு பார்க்கிறேன்

ராணி: அப்படிச் சொல்லாதே ராசா

சிவம்: கோல் எடு தம்பி. அங்கே விடியப்புறம் மூன்று மணி ஆகும், எழும்பிவிடு. சோறு உனக்காகக் காத்திருக்காது, நாங்கள் காத்திருப்போம்.

கண்ணன் கனடா: எழும்புவேன்

பத்மா: கிடாரத்தைச் சனிக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன். தூக்க ஆள் வேண்டும்

செல்வன்: நான் வருகிறேன்

ராணி: தேய்க்க நானும் வருகிறேன்

நிரோஜா: டொக்டர் வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்