மழை விட்டு மூன்று நாளாகியும் கோல்ஃப் கிரீனில் தண்ணீர் நிற்கிறது, புல் மஞ்சளாகிறது. உதவி தேவை

தவளக்குப்பம் தோட்டக்காரன்:
வணக்கம். புதுச்சேரி–கடலூர் சாலையில் ஒரு ரிசார்ட்டில் தோட்டம் பார்க்கிறேன். விருந்தினர்களுக்காகச் சின்னதாக ஒரு கோல்ஃப் பட்டிங் கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் தள்ளும், ஒட்ட வெட்டிய புல்தரை) உண்டு. 300 சதுர மீட்டர் இருக்கும், பெர்முடா புல். ஐப்பசி வரை நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை பிறந்ததும் நடுவில் மஞ்சள் திட்டு விழுந்தது. காலை வைத்தால் சதக்கென்று அமுங்குகிறது. பூஞ்சாணம் என்று கார்பன்டசிம் அடித்தேன், கேட்கவில்லை. உரக்கடையில் நனையும் கந்தகம் கொடுத்தார்கள், அதையும் இரண்டு முறை அடித்தாயிற்று. யூரியாவும் போட்டேன். இன்னும் மோசம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டி ஊரே மிதந்தது. அப்போதுகூட ஊர்த் தண்ணீர் வடிந்த மறுநாளே இந்தக் கிரீன் காய்ந்துவிட்டது. இப்போது சாதாரண மழைக்கே மூன்று நாள் நிற்கிறது. கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் சரியாக வேண்டும் என்கிறார் முதலாளி.

பாகூர் பையன்:
வேப்பம் புண்ணாக்கு தூவிப் பாருங்க அண்ணா. எங்கள் வீட்டுப் புல்தரைக்குக் கேட்டது.

பழைய கிரீன்கீப்பர்:
தம்பி, புண்ணாக்கு, மருந்து எல்லாம் அப்புறம். மஞ்சள் திட்டில் கத்தியால் ஆறு அங்குல ஆழத்துக்கு ஒரு துண்டு கேக் மாதிரி வெட்டி எடு. பக்கவாட்டில் என்ன நிறம் தெரிகிறது, முகர்ந்தால் என்ன வாடை, வேர் எங்கே நிற்கிறது, இந்த மூன்றையும் சொல். புயலுக்கு அப்புறம் மேலே என்ன மணல் தூவினாய்?

தவளக்குப்பம் தோட்டக்காரன்:
வெட்டிவிட்டேன் ஐயா. மேலே அரை அங்குலத்துக்குச் சாம்பல் நிறத்தில் மாவு போல மணல். அதன் கீழே விரல் தடிமனுக்குக் கரி பூசியது மாதிரி கறுப்புப் பட்டை. அழுகின முட்டை வாடை, பக்கத்தில் நின்ற பையன் ஓடிவிட்டான். வேர் அந்தக் கறுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆற்று மணல் விலை கட்டுப்படியாகவில்லை என்று இந்த வருஷம் சுவர்ப் பூச்சுக்கு வாங்கின பி-சாண்ட் (கல்லை அரைத்த பொடி மணல்) மிச்சத்தைத் தூவினோம்.

பழைய கிரீன்கீப்பர்:
அதுதான் வினை. சல்லடை மேல் ஈரத் துணியை விரித்துத் தண்ணீர் ஊற்றிப் பார், துணி நனைந்து ஊறும் வரை கீழே சொட்டாது. பருமணல் மேல் பொடி மணல் படிந்தாலும் இதே கதை. காற்றுப் போகாத இடத்தில் பாக்டீரியா கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்கும். அது மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் இந்தக் கறுப்பு வரும். நீ அடித்த நனையும் கந்தகம் அதற்குத் தீனி! அம்மோனியம் சல்பேட்டும் வேண்டாம், யூரியாவையும் நிறுத்து. மேகமூட்டத்தில் வெயில் இல்லாத புல்லுக்கு யூரியா போட்டால் இலைதான் நீளும், வேர் வராது.

இரண்டு நாள் வெறிக்கட்டும். ஈரத்தில் புல் வெட்டும் மோவரை ஏற்றவே ஏற்றாதே. பிறகு தோட்ட முள்ளால் (மண் குத்தும் ஃபோர்க்) கறுப்பைத் தாண்டும் ஆழத்துக்கு நான்கு அங்குல இடைவெளியில் குத்தி, துளைகளில் கழுவின பருமணலை நிரப்பு. கடல் மணலைத் தொடாதே, உப்பு. வெட்டும் உயரம் எவ்வளவு?

தவளக்குப்பம் தோட்டக்காரன்:
4 மி.மீ.

பழைய கிரீன்கீப்பர்:
மழைக்காலம் முடியும் வரை 6-க்கு ஏற்று. பந்து கொஞ்சம் மெதுவாக ஓடும், ஓடட்டும். பெர்முடா நம் அருகம்புல்லின் இனம்தான், பிள்ளையாருக்குப் பறிக்கப் பறிக்கத் தழைக்கிறதே, அதே பிடிவாதம் இதற்கும் உண்டு. வேருக்குக் காற்று கிடைத்தால் போதும். மாசியில் வெயில் ஏறினதும் குழாய் முள் வைத்து மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி அந்தப் பொடி மணலை வெளியேற்று. அடியில் வடிகால் குழாய் இருந்தால் அதன் வாயையும் பார்த்துவிடு.

தவளக்குப்பம் தோட்டக்காரன்:
ஐயா, குழாய் வாயைத் தேடவே ஒரு மணி நேரம் ஆனது. தென்னை வேர் உள்ளே புகுந்து திரி மாதிரி அடைத்திருந்தது. இழுத்ததும் கறுப்புத் தண்ணீர் அதே முட்டை வாடையோடு பத்து நிமிஷம் ஓடியது. நாளைக்கு முள் குத்துகிறோம். குழியையும் கொடியையும் ஓரத்துப் புல்தரைக்கு மாற்றிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் ஆட்டம் என்று முதலாளியிடம் சொல்லியாயிற்று, முகம்தான் சரியில்லை.