கவுன்சிலர், பஞ்சாயத்துத் தலைவரிடம் ஆஸ்பத்திரி விஷயம் பேசிய அனுபவம் உண்டா?

ஏற்காடு டீச்சர்:
அக்டோபர் 2 கிராமசபை. சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. வந்திருந்த அதிகாரி உடனே, "மலை மக்களுக்கு விழிப்புணர்வு பத்தாது" என்றார். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பாட்டி எழுந்து, "அதெல்லாம் இருக்கு சாமி. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சே, அதை யாரு குடுப்பா?" என்று கேட்டார். அதிகாரி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தீர்மான நோட்டில் ஏறியது 'விழிப்புணர்வு முகாம் நடத்துவது'.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் ஆள்தானே போக வேண்டும்? துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்று கணக்கு. கேட்க சலுகை மாதிரி இருக்கும். அந்த 3,000 பேர் எத்தனை குக்கிராமங்களில் சிதறி இருக்கிறார்கள், நடுவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மலையில் மட்டுமில்லை டீச்சர். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு. எங்கள் கவுன்சிலருக்குச் சுகாதாரம் என்றால் சாக்கடை, கொசுமருந்து, குப்பை வண்டி. நல்ல மனுஷன், போன் போட்டால் வருவார். கொலுசுப் பட்டறை ஆசிட் புகையைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குள்ளேயே பட்டறை, பக்கத்து அறையில் குழந்தை. "அது அவங்க தொழிலுங்க, நாம என்ன பண்றது" என்றார். அப்புறம் பேனர் கட்டி கண் சிகிச்சை முகாம் போட்டார். இருமுகிறவனுக்குக் கண் டெஸ்ட்!

முன்னாள் தலைவி:
நானும் அந்த நாற்காலியில் இருந்தவள், அதனால் ஒரு வார்த்தை. தலைவர் கையில் இருப்பது தெருவிளக்கு, குடிதண்ணீர், தெரு ரோடு. டாக்டரையும் நர்ஸையும் போடுவது சுகாதாரத் துறை. எத்தனை மனு கொடுத்தாலும் "மேலே அனுப்பியிருக்கோம்" என்பார்கள். சரி என்று நான் பஸ் விஷயத்தைக் கையில் எடுத்தேன். கர்ப்பிணிகள் செக்கப்புக்குப் போகிற நேரத்துக்கு எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. கிராமசபையில் தீர்மானம் போட்டு, டிப்போவுக்கும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் அலைந்து நேரத்தை மாற்ற வைத்தோம். அதற்கப்புறம் மாதச் செக்கப்பைத் தவறவிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நர்ஸம்மாவே சொன்னார். ஆனால் எந்தச் சுகாதாரக் கூட்டத்திலும் யாரும் இதைப் பேசவில்லை; அது போக்குவரத்துக் கணக்காம்.

ஏற்காடு டீச்சர்:
அக்கா, அந்தத் தீர்மானத்தின் நகல் இருந்தால் அனுப்புங்க. ஜனவரி 26 கிராமசபைக்கு வேணும்.