புதுப்பிப்பு: குழுவாக்கிய வினவலில் கூட்டுத்தொகை பெருகி வந்த சிக்கல்

தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டெடுக்கும் எஸ்கியூஎல் (SQL) வினவலில், வாடிக்கையாளர் வாரியாகக் குழுவாக்கி, ஆர்டர்களின் மதிப்பையும் செலுத்திய தொகையையும் கூட்டும்போது, சிலருக்கு மட்டும் இரண்டுமே பன்மடங்காக வருகின்றன என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது.

வரிசைகளைக் குழுவாக்கும் குரூப் பை (GROUP BY) இதில் குற்றமற்றது. ஆர்டர் அட்டவணையும் கட்டண அட்டவணையும் வாடிக்கையாளர் எண் வழியாக மட்டுமே இணைக்கப்பட்டிருந்தன. எனவே 3 ஆர்டர்களும் 2 கட்டணங்களும் உள்ள ஒருவருக்கு, ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு கட்டணத்துடனும் சேர்ந்து, குழுவாக்கத்துக்கு முன்பே 6 வரிசைகள் உருவாகி, ஆர்டர் மதிப்பு இருமடங்காகவும் கட்டணம் மும்மடங்காகவும் கூட்டப்பட்டன. இரண்டிலும் ஒரே ஒரு வரிசை உள்ளவர்களுக்கு விடை சரியாகவே வந்தது. ஆளைத் திசைதிருப்பியது அதுதான். குழுவாக்கத்தை நீக்கிவிட்டு, ஒரேயொரு வாடிக்கையாளருக்கான வரிசைகளை அப்படியே பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. இத்தகைய சிக்கலில் முதலில் செய்யவேண்டிய சோதனை இதுவே என்பது என் கருத்து.

இதைச் சரிசெய்ய, கூட்டும் சம் (SUM) சார்புக்குள், ஒரே மதிப்பு மீண்டும் வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) சேர்க்கும் வழியை நான் ஏற்கவில்லை. ஒருவர் ஒரே தொகையை இருமுறை செலுத்தியிருந்தால் அது ஒன்றாகவே கணக்கிடப்பட்டு, மிகை போய்க் குறை வந்து சேரும். மாறாக, ஒவ்வொரு அட்டவணையையும் தனித்தனித் துணைவினவலில் (வினவலுக்குள் அமையும் வினவலில்) கூட்டி, ஒருவருக்கு ஒரு வரிசை என்றான பிறகே, வாடிக்கையாளர் அட்டவணையுடன், பொருந்தும் வரிசை இல்லாதவர்களையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) மூலம் இணைத்தேன். கட்டணமே செலுத்தாதவர்களுக்கு மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) வரும் என்பதால், நல்லுக்குப் பதிலாக வேறு மதிப்பைத் தரும் கோயலெஸ் (COALESCE) கொண்டு அதைச் சுழியமாக்கினேன். கட்டணத் தேதிக்கான நிபந்தனையும் துணைவினவலுக்குள்ளேயே இருக்கவேண்டும். வெளியிலுள்ள வேர் (WHERE) எனும் வடிகட்டும் பகுதியில் வைத்தால், அந்த நல் வரிசைகள் வடிகட்டப்பட்டு, கட்டணம் செலுத்தாதவர்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.