மகன் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு அம்மாக்கள் நிதி திரட்டுவது: எப்படி ஆரம்பிப்பது?

கேட்டி அம்மா:
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். இந்த ஆகஸ்டில் மகன் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் பொறியியல் சேர்ந்தான். போன வாரம் இங்குள்ள ஆகீ மாம்ஸ் கிளப் கூட்டத்துக்குப் போனேன் (அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை ‘ஆகீ’ என்பார்கள், இது அவர்களின் அம்மாக்கள் சங்கம்). உடனே நிதி திரட்டும் குழுவில் பெயரை எழுதிக்கொண்டார்கள். கோயில் அன்னதானத்துக்கு ரசீதுப் புத்தகத்தோடு நாலு வீடு ஏறியதுதான் என் அனுபவம். தெரியாதவர்களிடம் காசு கேட்க வாய் வரவில்லை. ஃபீஸ் கட்டுகிறோமே, இந்தப் பணம் எதற்கு என்று வீட்டுக்காரரும் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஷுகர்லேண்ட் அக்கா:
வாம்மா. என் மகள் அங்கேதான் படித்தாள். நாலு வருஷம் இந்த வேலையில் இருந்தேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் கேள்வி. ஃபீஸ் வகுப்புக்கும் கட்டடத்துக்கும் போகும். பிள்ளைகள் தாங்களாகவே நடத்துகிற காரியங்கள் வேறு. 1982-இல் தொடங்கிய ‘பிக் ஈவென்ட்’ பற்றி மகனிடம் கேளுங்கள். மாணவர்கள் ஒரே நாளில் ஊர் வீடுகளுக்குப் போய் பெயின்ட் அடிப்பார்கள், தோட்டம் சுத்தம் செய்வார்கள். பிரஷ்ஷும் வாளியும் யார் வாங்குவது? மாணவர் சங்கங்கள் கிளப்புக்கு விண்ணப்பம் எழுதும், நாங்கள் படித்துப் பார்த்துக் கொடுப்போம். எனக்குப் பிடித்த வேலை அதுதான். பத்தொன்பது வயதுப் பிள்ளை எதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதியிருப்பதைப் படிக்கும்போது மனசு நிறைந்துவிடும். மீதி உதவித்தொகைக்கும், பரீட்சை வாரத் தின்பண்டப் பைகளுக்கும் போகும்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. முதல் கிளப்பை டாலஸ் அம்மாக்கள் 1922-இல் தொடங்கினார்கள். அப்போது அங்கே பையன்கள் மட்டும்தான்.

சரி, காசு கேட்கக் கூச்சமென்றால் கேட்க வேண்டாம், விற்றுவிடுங்கள். கல்லூரி நிறம் மெரூனும் வெள்ளையும். ஃபுட்பால் ஆட்டத்தன்று கைல் ஃபீல்டு மைதானமே மெரூனாக இருக்கும். இரண்டாம் வருஷம் சென்னை போனபோது தி.நகரில் மெரூன் கண்ணாடி வளையல், ஜிமிக்கி, ஜரிகைக் கரை வைத்த துப்பட்டா என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தேன். குடும்பங்கள் கல்லூரிக்கு வரும் வசந்தகால ஃபேமிலி வீக்கெண்டில் கடை விரித்தோம். டெக்சாஸ் பாட்டிமார் வளையல் மாட்டத் தெரியாமல் கையை நீட்டுவார்கள். நான் விரலைக் குவித்துப் பிடித்து மாட்டிவிடுவேன். அந்தக் கையோடு போய் அவர்களே அடுத்த ஆளைக் கூட்டி வருவார்கள். மத்தியானத்துக்குள் பெட்டி காலி.

ஒரு எச்சரிக்கை. கல்லூரி லோகோ, அங்கே ரசிகர்களைச் சொல்லும் ‘12th மேன்’ மாதிரி சொற்கள் எல்லாம் பதிவு செய்த வணிகக் குறிகள். உரிமம் பெற்றவர்களிடம்தான் அச்சடிக்க வேண்டும். நாங்கள் தெரியாமல் கோப்பைகளுக்கு ஆர்டர் கொடுத்து, ரத்து செய்து, முன்பணத்தை இழந்தோம். வெறும் மெரூன் வளையலுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

ஃபிரிஸ்கோ அப்பா:
அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். உங்கள் கிளப்புக்கு 501(சி)(3) என்கிற வரிவிலக்குத் தொண்டு அமைப்பு அந்தஸ்து இருக்கிறதா என்று பொருளாளரிடம் கேளுங்கள். இருந்தால் டெக்சாஸில் வருஷத்துக்கு இரண்டு நாள் விற்பனை வரி இல்லாமல் விற்கலாம். பெரிய விற்பனைகளை அந்த நாட்களில் வையுங்கள். அப்புறம், நம் ஆட்கள் வேலை பார்க்கும் பல கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் போடும். ஒரு படிவம்தான், பலர் நிரப்புவதே இல்லை. என் மனைவி கூட்டத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஒவ்வொருவரையும் அங்கேயே நிரப்ப வைப்பாள்.

கேட்டி அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. பிக் ஈவென்ட் பற்றி மகனிடம் கேட்டேன், வசந்த காலத்தில் அவனும் போகப் போகிறானாம். டிசம்பரில் மதுரை போகிறேன். புதுமண்டபம் பக்கம் வளையல் கடைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அக்கா, எந்த அளவு வளையல் அதிகம் போகும்?

ஷுகர்லேண்ட் அக்கா:
2-8, 2-10 நிறைய எடுங்கள். 2-4 ஒரு டஜன் போதும். சின்னப் பெண்களுக்குத் தனியாக வாங்குங்கள், பேத்திகளோடுதான் வருவார்கள்.